விலக்கில் இறங்கிய பிறகு

மதுரைக்குத் தெற்கே பஸ் ஏறியவர்களுக்கு ‘விலக்கு’ என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. பெரிய ரோட்டிலிருந்து ஒரு சின்ன ரோடு பிரிந்து ஊருக்குள் போகும் இடம் அது. கண்டக்டர் ஊர்ப் பெயரோடு சேர்த்துக் கூவுவார். இறங்கினால் ஒரு நிழற்குடை, ஒரு வேப்பமரம், அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு டீக்கடை. கொங்குப் பக்கம் இதையே ‘பிரிவு’ என்பார்கள். விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் ‘கூட்டுரோடு’. தஞ்சைப் பக்கம் ‘கைகாட்டி’. எல்லாம் ஒரே மாதிரியான இடத்துக்கு வைத்த பெயர்கள்தான். தெற்கத்திக்காரர்கள் வைத்த பெயரில் மட்டும் ஒரு குத்தல் ஒளிந்திருக்கிறது. ரோடு விலகிப் போகும் இடமும் விலக்கு; சேர்க்காமல் தள்ளி வைப்பதும் விலக்கு.

ராமநாதபுரம் மாவட்டத்தில், முதுகுளத்தூருக்கும் கமுதிக்கும் இடைப்பட்ட ஓர் ஊரில் என் அத்தை இருக்கிறார். விலக்கிலிருந்து ஊர் மூன்று கிலோமீட்டர். ரோட்டின் இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம். பஸ் உள்ளே வரும்போது முள் கிளைகள் தகரத்தைக் கீறும் சத்தம் கண்மாய்க் கரை வரை கேட்கும். ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர்கள் சொல்லிவைத்தாற்போல் கையை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். பஸ் வராத நாளில் அந்தச் சத்தம் கேட்காது. அதை வைத்தே வீட்டுக்குள் இருந்தபடி அத்தை தெரிந்துகொள்வார். மாதம் ஒருமுறை ரத்த அழுத்த மாத்திரை வாங்க அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். மாத்திரையும் இலவசம், பஸ்ஸும் இலவசம். ஆனாலும் அந்த ஒரு வேலைக்கு ஒரு முழு நாள் போய்விடுகிறது.

இந்த ஊருக்குப் போக்குவரத்து வசதி உண்டா? அரசுப் பதிவேட்டைக் கேட்டால் உண்டு என்றுதான் வரும். அத்தையைக் கேட்டால் வேறு பதில் வரும். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்ததும் மாவட்டந்தோறும் ஒரு கையேடு வெளியாகும். அதில் ஊருக்கு ஒரு வரி: பரப்பு, வீடுகள், ஆண், பெண், பள்ளிக்கூடம், மருத்துவ வசதி, பிறகு போக்குவரத்து. 2011-ஆம் ஆண்டுப் படிவத்தில் அரசுப் பஸ், தனியார் பஸ், ரயில் நிலையம், ஆட்டோ, வேன், டிராக்டர் எனத் தனித்தனிக் கட்டங்கள் இருந்தன. மாட்டு வண்டிக்கும் ஒன்று உண்டு, நடைபாதைக்கும் ஒன்று உண்டு. வசதி ஊரிலேயே இருந்தால் ‘ஆம்’. இல்லையென்றால் எவ்வளவு தூரத்தில் கிடைக்கும் என்பதற்கு ஓர் எழுத்து: ஐந்து கிலோமீட்டருக்குள் ‘ஏ’, ஐந்திலிருந்து பத்து வரை ‘பி’, பத்துக்கு மேல் ‘சி’. முதுகுளத்தூருக்கும் கமுதிக்கும் ரயில் பாதை கிடையாது. மானாமதுரை–ராமேஸ்வரம் பாதையில் இருக்கும் பரமக்குடிதான் அந்தப் பக்கத்து ஊர்கள் பலவற்றுக்கு ரயில் நிலையம். ஆகவே ரயில் கட்டத்தில் பெரும்பாலும் ‘சி’ விழும்.

இதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. இவ்வளவு பெரிய நாட்டில் சுமார் 6.4 லட்சம் கிராமங்களுக்கு ஒரே மாதிரி படிவம் நிரப்புவதே மலைப்பான வேலை. ஆனால் பஸ் கட்டத்தில் விழும் அந்த ‘ஆம்’ எத்தனை நடை என்று சொல்லாது. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று வந்தாலும் ‘ஆம்’தான், அரைமணிக்கு ஒன்று வந்தாலும் ‘ஆம்’தான். ‘ஏ’ என்ற எழுத்து இன்னும் மோசம். நாலேமுக்கால் கிலோமீட்டர் தூரத்தில் பஸ் கிடைக்கிறது என்பதும் அதற்குள் அடக்கம். சித்திரை வெயிலில் தலையில் மூட்டையோடு அந்த நாலேமுக்கால் கிலோமீட்டரை நடந்து பார்த்தவர் அந்தப் படிவத்தைத் தயாரித்திருக்க மாட்டார்.

இதைவிடப் பெரிய சிக்கல் ‘ஊர்’ என்ற சொல்லிலேயே இருக்கிறது. கணக்கெடுப்பில் ஊர் என்பது வருவாய் கிராமம். நில அளவைக்காகவும் வரி வசூலுக்காகவும் எல்லை கட்டியது. மக்கள் வாழ்வது அதற்குள் சிதறிக் கிடக்கும் குக்கிராமங்களில். வானம் பார்த்த பூமியில் இந்தச் சிதறலுக்குக் காரணம் தண்ணீர். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் ஆறு ஒன்றை நம்பி எல்லோரும் ஒரே கரையில் குடியிருக்க முடியாது. மழை நீரைத் தேக்கக் கண்மாய் வெட்டினார்கள். கண்மாய்க்கு ஒரு ஊர் உட்கார்ந்தது. கண்மாய் எவ்வளவு நிலத்துக்குப் பாயுமோ அவ்வளவு குடும்பம்தான் அங்கே தங்க முடியும். அதனால் ஊர்கள் சிறியவை, ஒன்றுக்கொன்று தள்ளியவை. வெட்டியவர்கள் சரிவைப் பார்த்தார்கள். ரோட்டைப் பார்க்கவில்லை, அப்போது ரோடும் இல்லை.

தமிழ்நாட்டுக் கணக்கை எடுத்துக்கொள்ளலாம். 2011-இல் மாநிலத்தின் மக்கள்தொகை 7.21 கோடி, அதில் கிராமப்புறம் சுமார் 3.72 கோடி. கணக்கெடுப்பின்படி மக்கள் வசிக்கும் கிராமங்கள் 15,000-க்குச் சற்று அதிகம். வகுத்துப் பார்த்தால் கிராமத்துக்குச் சராசரியாக ஏறத்தாழ 2,470 பேர். நல்ல பெரிய ஊர்தான். அதே மக்களை, ஊரக வளர்ச்சித் துறை எண்ணி வைத்திருக்கும் 79,000-க்கும் மேற்பட்ட குக்கிராமங்களால் வகுத்தால் 470 பேர்கூட முழுதாகத் தேறுவதில்லை. மக்கள் அதே மக்கள்தான், அளவுகோல்தான் வேறு. முதல் அளவுகோலின்படி பஸ் வரும் பெரிய ஊர். இரண்டாவதன்படி ஐந்தாறு சிற்றூர்கள். பஸ் வருவது அவற்றில் ஒன்றுக்கு. மற்றவர்களும் அந்த ‘ஆம்’ கட்டத்துக்குள்தான் அடைக்கப்பட்டிருக்கிறார்கள்.

இந்த 470 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இனி வருவது 500.

2000-ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று, வாஜ்பாய் பிரதமராக இருந்தபோது, பிரதமர் கிராமச் சாலைத் திட்டம் தொடங்கியது. ரோடே இல்லாத ஊர்களுக்கு எல்லாப் பருவத்திலும் வண்டி போகக்கூடிய ரோடு என்பது நோக்கம். யாருக்கு முதலில் என்று ஒரு கோடு போட வேண்டியிருந்தது. சமவெளியில் 2001 கணக்குப்படி 500 பேருக்கு மேல். மலை, பாலைவனம், பழங்குடிப் பகுதிகளில் 250 பேருக்கு மேல். நக்சல் பாதிப்புள்ள வட்டாரங்களில் பின்னர் இது 100 வரை தளர்த்தப்பட்டது. இந்தத் திட்டத்தின் ஒரு நல்ல காரியம், அது வருவாய் கிராமத்தை எடுத்துக்கொள்ளாமல் குடியிருப்பையே அலகாக எடுத்துக்கொண்டதுதான். அரை கிலோமீட்டர் சுற்றளவுக்குள் இருக்கும் குடியிருப்புகளின் தலைகளைச் சேர்த்து எண்ணிக்கொள்ளவும் இடம் கொடுத்தது.

கோடு என்று ஒன்று போட்டால் அதன் இரண்டு பக்கமும் ஆட்கள் இருப்பார்கள். 499 பேர் உள்ள ஊருக்கும் 501 பேர் உள்ள ஊருக்கும் என்ன வேறுபாடு இருந்துவிடப் போகிறது? ஒன்றுமில்லை. பொருளியலாளர்கள் சாம் ஆஷர், பால் நோவோசாட் இருவரும் இந்த ஒன்றுமில்லாததைத்தான் பிடித்துக்கொண்டார்கள். கோட்டுக்குச் சற்று மேலும் கீழும் இருந்த ஊர்களை ஒப்பிட்டால் ரோடு செய்த வேலை தனியாகத் தெரியும் அல்லவா? கோட்டை ஒழுங்காகக் கடைப்பிடித்த சில மாநிலங்களின் ஊர்களை மட்டும் எடுத்தார்கள். 2020-இல் அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ இதழில் வந்த அவர்கள் கட்டுரையின் முடிவு பலரை ஏமாற்றியது. ரோடு வந்த ஊர்களில் விவசாய வேலையை விட்டு வெளி வேலைக்குப் போகிறவர்கள் கூடினார்கள். ஆனால் வருமானமோ, வீட்டில் இருக்கும் பொருளோ, விளைச்சலோ பெரிதாக ஏறவில்லை. போகிற வழியில் அவர்கள் கண்ட இன்னொன்றும் உண்டு: திட்டத்துக்காகத் தரப்பட்ட ஊர் மக்கள்தொகை எண்கள் சில கோட்டை ஒட்டித் திருத்தப்பட்டிருந்தன. 490-ஐ 510 ஆக்கத் தோன்றிய அந்த எழுத்தரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

அந்தப் படிப்பினையை அப்படியே தெற்குச் சீமைக்குக் கொண்டுவர முடியாது. இங்கே பெரும்பாலான ஊர்களுக்கு 2000-க்கு முன்பே ஏதோ ஒரு தார் ரோடு வந்துவிட்டது. ரோடு போடுவது ஒருநாள் வேலை என்று சொன்னால் மிகையாகாது. பணம் ஒதுக்கி, ஒப்பந்தம் விட்டு, திறப்பு விழா நடத்தி, கல்வெட்டில் பெயர் பொறித்துவிட்டால் முடிந்தது. பஸ் அப்படியல்ல, அது தினமும் வர வேண்டும். தினமும் டீசல், தினமும் டிரைவர், தினமும் நஷ்டம். கல்வெட்டில் பொறிக்க அதில் ஒன்றும் இல்லை.

ஒரு நடையின் கணக்கைப் பார்க்கலாம். விலக்கிலிருந்து உள்ளே மூன்று, திரும்பி வர மூன்று, ஆக ஆறு கிலோமீட்டர். கிராமச் சாலையின் அகலம் வழக்கமாக 3.75 மீட்டர், வண்டி நடமாட்டம் குறைவு என்றால் 3 மீட்டரோடு நிறுத்திவிடவும் விதி இருக்கிறது. சட்டம் அனுமதிக்கும் பஸ்ஸின் அகலம் 2.6 மீட்டர் வரை. எதிரே நெல் ஏற்றிய டிராக்டர் வந்துவிட்டால் யாராவது ஒருவர் பின்னால் போக வேண்டும். இருபது நிமிடம் போய்விடும். அந்த இருபது நிமிடத்தில் அதே பஸ் பெரிய ரோட்டிலேயே போனால் அடுத்த ஊர் நிறுத்தத்தில் கூட்டத்தை அள்ளிக்கொண்டிருக்கும். டிரைவர் பற்றாக்குறை, வண்டி பழுது என்று எது வந்தாலும் முதலில் வெட்டப்படுவது உள்ளே போகும் நடைதான். பெரிய ரோட்டில் ஒரு நடை குறைந்தால் பத்து நிமிடத்தில் அடுத்தது வரும், யாரும் கேட்க மாட்டார்கள். சிற்றூரில் ஒரு நடை குறைந்தால் அன்றைக்குப் பஸ்ஸே இல்லை. அங்கேயும் யாரும் கேட்க மாட்டார்கள், கேட்பதற்கு ஆள் இல்லை.

பழைய ஏற்பாடு ஒன்று இருந்தது: இரவு தங்கும் பஸ். 1972 வாக்கில் பல்லவன், சேரன், பாண்டியன், சோழன் என்று அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் உருவான பிறகு உள்ளூர் வழித்தடங்கள் பெருகின. கடைசி நடை ஒன்பது மணிவாக்கில் வந்து ஊரிலேயே நிற்கும். டிரைவரும் கண்டக்டரும் கோயில் மண்டபத்திலோ பள்ளிக்கூடத் திண்ணையிலோ படுத்துக்கொள்வார்கள். யாரோ ஒருவர் வீட்டிலிருந்து குடிக்கத் தண்ணீர் போகும். காலை ஐந்தே முக்காலுக்குப் பஸ் கிளம்பும்போது பால் கேனும் மிளகாய் மூட்டையும் ஏறும். ஊருக்கும் வண்டிக்கும் ஒரு சொந்தம் இருந்தது. எங்கள் ஊர் பஸ் என்றுதான் சொல்வார்கள். அத்தை ஊரில் அந்தப் பஸ் நின்றுபோனது எந்த வருடம் என்று கேட்டால், சின்ன மகன் பிளஸ் டூ முடித்த வருடம் என்பார்.

இந்த பஸ்களுக்கு டவுன் பஸ் என்று பெயர் இருப்பது ஒரு வேடிக்கை. டவுனைப் பார்க்காமல் டவுனிலிருந்து ஓடிப்போகும் பஸ்கள்தான் அதிகம். அந்தப் பெயர்தான் 2021-இல் கிராமத்துப் பெண்களுக்குக் கைகொடுத்தது. அந்த ஆண்டு மே 8 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வில், இந்தத் திட்டத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிஞ்சுகிறது என்று தெரியவந்தது. நூறுநாள் வேலைக் கூலியை நம்பியிருக்கும் வீட்டில் அது பெரிய தொகை. நான் இந்தத் திட்டத்தைக் குறை சொல்கிற ஆள் அல்ல. ஆனால் இலவசம் என்பது பஸ்ஸுக்குள் ஏறியவருக்கு. விலக்கு வரைக்குமான மூன்று கிலோமீட்டருக்கு இலவசம் இல்லை. பஸ் வராத அன்று ஷேர் ஆட்டோவுக்குக் கொடுக்கும் காசு, பெரிய ரோட்டில் மிச்சம் பிடித்ததைத் தின்றுவிடும்.

இதற்குள் இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு வீட்டில் இரு சக்கர வாகனம் இருந்தது; இன்று கண்மாய்க் கரையில் நின்று எண்ணினாலே கூடியிருப்பது தெரியும். வண்டி வாங்கியவுடன் பஸ்ஸை விட்டு முதலில் இறங்கியவர்கள் ஆண்கள். டிக்கெட் வாங்கிப் போய்க்கொண்டிருந்தவர்கள் அவர்கள்தான். பஸ்ஸில் மிச்சம் இருப்பவர்கள் கட்டணமில்லாத பெண்கள், பாஸ் வைத்திருக்கும் பள்ளிப் பிள்ளைகள், முதியவர்கள். பெண்களுக்கான தொகையை அரசு திருப்பித் தருகிறது என்பது உண்மை. ஆனால் கிராமசபையில் எழுந்து நின்று கேள்வி கேட்கும் ஆணுக்கு இப்போது பஸ் தேவையில்லை. பஸ் தேவைப்படும் பெண் எழுந்து நிற்பதில்லை. நின்றாலும் கடைசிப் பஸ்ஸைப் பிடிக்க அவசரத்தில் இருப்பார். பஸ் பிரச்சினை மெல்லப் பேச்சிலிருந்தே மறைகிறது.

சிற்றுந்து இந்த இடைவெளிக்காகவே பிறந்தது. 1997-இல் தனியாருக்கு அனுமதி கொடுத்துக் கிராமங்களுக்குள் அனுப்பினார்கள். நல்ல யோசனை. ஓட்டுகிறவருக்கு வசூல் வேண்டும். வசூல் இருப்பது ஏற்கெனவே பஸ் ஓடும் ரோட்டில். எனவே மினி பஸ்கள் மெல்லப் பெரிய ரோட்டின் பக்கமே சாய்ந்தன. 2025 ஜூனில் தொடங்கிய புதிய சிற்றுந்துத் திட்டத்தில் தடத்தின் நீளம் 25 கிலோமீட்டர் வரை, அதில் குறைந்தது 65 சதவீதம் பஸ் ஓடாத ரோடாக இருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். மீதி 35 சதவீதம் வசூலுக்கான இரை. கணக்கு புத்திசாலித்தனமானது. உள்ளே போக வேண்டிய 65-ஐ இரவு ஏழு மணிக்கு மேல் யார் வந்து பார்ப்பார்கள் என்பதுதான் கேள்வி.

பஸ்ஸுக்கும் மக்கள்தொகைக்கும் உள்ள உறவு ஒருவழிப் பாதையில்லை. ஆள் குறைவு என்று பஸ்ஸை நிறுத்துகிறார்கள். பஸ் நின்றதால் ஆள் குறைகிறது. முதலில் போவது பிளஸ் ஒன் சேரும் பெண் பிள்ளைகள் உள்ள குடும்பம். அரசு கொடுக்கும் சைக்கிள் காலையில் உதவும்; சிறப்பு வகுப்பு முடிந்து இருட்டில் கருவேலங்காட்டு வழியே திரும்புவதற்குப் பெற்றோர் சம்மதிப்பதில்லை. டவுனில் வாடகைக்கு ஒரு வீடு பார்க்கிறார்கள். அடுத்து, கல்யாணம். பஸ் வராத ஊருக்குப் பெண் கொடுக்க மாட்டோம் என்று தரகரிடம் நேராகவே சொல்லிவிடுகிறார்கள். மாப்பிள்ளை திருப்பூரிலோ சென்னையிலோ வளைகுடாவிலோ வேலை பார்த்தால் அந்தப் பேச்சு எழாது. இப்படி ஊரை விட்டுப் போவது வாழ்க்கைக்கான தகுதி ஆகிவிட்டது.

இந்தக் குறைவு எல்லாப் பட்டியலிலும் ஒரே மாதிரி தெரியாது. வெளியூர் போனவர்கள் ரேஷன் கார்டில் இருப்பார்கள், வாக்காளர் பட்டியலிலும் பலர் இருப்பார்கள். குலதெய்வக் கோயில் கொடைக்கு வேன் பிடித்து வந்து இறங்குவார்கள். அன்றைக்கு ஊர் கொள்ளாது. கணக்கெடுப்பு மட்டும்தான் அவர்களை விட்டுவிடும். கணக்கெடுக்கும் நாட்களில் எங்கே தங்கியிருக்கிறாரோ அங்கேதான் அவர் எண்ணப்படுவார். சரியான முறைதான் அது. ஆனால் ஊரில் நடப்பதைப் பார்த்தால், ஓட்டு கேட்க வருகிறவருக்கு ஊர் பெரிதாகவும், பஸ் விடச் சொன்னால் சிறிதாகவும் இருக்கிறது.

இந்தப் போக்கின் கடைசி நிலையைத் தூத்துக்குடி மாவட்டம் மீனாட்சிபுரத்தில் பார்க்கலாம். முதல் காரணம் தண்ணீர். அதோடு பள்ளிக்கூடம், பஸ், ஆஸ்பத்திரி எதுவும் பக்கத்தில் இல்லை. குடும்பம் குடும்பமாக வெளியேறி, கடைசியில் ஒரே ஒரு முதியவர் மட்டும் அங்கே வாழ்ந்துவந்தார். 2024-இல் அவரும் காலமானார்.

மலைக்குப் போனால் கேள்வி வேறு. அங்கே பஸ்ஸுக்கு முன்னால் ரோடே இல்லை. நாமக்கல் மாவட்டம் போதமலையில் கீழூர், மேலூர், கெடமலை என மூன்று ஊர்கள். தேர்தல்தோறும் வாக்குப்பதிவு இயந்திரங்கள் அங்கே தலைச்சுமையாகவே ஏறிக்கொண்டிருந்தன. வாக்காளர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேர். வனத்துறை அனுமதிக்காகப் பல ஆண்டுகள் இழுத்தடித்து, சுமார் 140 கோடி ரூபாயில் ஏறத்தாழ 31 கிலோமீட்டருக்கு ரோடு போட ஒப்புதல் வந்தது. வாக்காளர் ஒருவருக்குப் பத்து லட்சத்துக்கு மேல் வருகிறதே என்று கணக்குப் போட்டுப் புருவம் உயர்த்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு வேலூர் மாவட்டம் அல்லேரி மலையைச் சொல்ல வேண்டும். 2023 மே மாதம் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை, ரோடு சரியில்லாததால் நேரத்துக்கு மருத்துவமனைக்குப் போய்ச் சேர முடியாமல் இறந்தது. உடலைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ் ஓர் இடத்துக்கு மேல் ஏற முடியாமல் நின்றுவிட, தாய் குழந்தையைச் சுமந்துகொண்டு நடந்தே மலையேறினார். தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் போடுகிறவர்கள் எந்தத் தலையை வகுக்கும் எண்ணாக வைப்பது என்று முதலில் முடிவு செய்யட்டும்.

2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை கிராமச் சாலைத் திட்டத்தின் நான்காம் கட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது: 25,000 குடியிருப்புகள், 62,500 கிலோமீட்டர், 70,125 கோடி ரூபாய். யாருக்கு ரோடு என்று தீர்மானிக்கப் போவது 2011-இன் தலை எண்ணிக்கை. 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால் வேறு எண்ணும் கையில் இல்லை. ஒப்புதல் வந்தபோதே பதின்மூன்று வருடத்துக்கு முன் எண்ணிய ஊர், 500-க்கு மேல் இருந்தது கீழே போயிருக்கலாம். கீழே இருந்த ஒன்று தறிப் பட்டறை வந்ததால் மேலே ஏறியிருக்கலாம்.

அடுத்த கணக்கெடுப்பு 2027 மார்ச் 1-ஆம் தேதியை அடிப்படையாக வைத்து நடக்கவிருக்கிறது; வீடு வீடாகத் தலை எண்ண வருவது அதற்கு முந்தைய பிப்ரவரியில். முதுகுளத்தூர்ப் பக்கம் அது குண்டு மிளகாய் பறிப்புத் தொடங்கியிருக்கும் காலம். களத்தில் சாக்கு விரித்துப் பழம் காய்ந்துகொண்டிருக்கும். பறிப்பவர்கள் பெண்கள், வயதானவர்கள். அத்தையின் பெரிய மகன் திருப்பூரில் எண்ணப்படுவான், சின்னவன் எண்ணப்படவே மாட்டான், அவன் இருப்பது துபாயில். கணக்கெடுக்க வரும் ஆசிரியர் பைக்கில்தான் வருவார். இந்த வீட்டில் எத்தனை பேர் என்று அவர் கேட்கும்போது, மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டே அத்தை ஒரு விரலைக் காட்டுவார்.